சிவப்பு வண்டியின் பக்கத்து சீட்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தங்கை என் தலையில் கட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள்.

"அண்ணா, கார் மாத்தப் போறேன். எஞ்சின் நடுவுல இருக்கிற கார்."

"எஞ்சின் எங்க இருந்தா என்ன, வண்டி ஓடினா சரி."

"உங்கிட்ட வந்து சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்."

வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். "ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கேன். எதை எடுக்கறதுன்னு தெரியல. நீதான் கதை எழுதுறியே, இதை எழுதிப் பாரு. எழுதினா உனக்காவது தெரியும்."

எழுதினால் எனக்கு ஏதாவது தெரியவரும் என்று நம்பிய முதல் ஆள் அவள்தான். என் பதிப்பாளர்கூட அப்படி நம்பியதில்லை. உடனே உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

மேகம் கறுத்த காலையில் அந்தப் பல் மருத்துவர் தன் மீசையைத் தடவியபடி சிவப்புக் காரைச் சுற்றி வந்தார். வேகம் என்பது ஆண்மையின்

[இதோடு நிறுத்திக்கொண்டேன். காரணம் அடுத்த பகுதியில்.]

2.

"யாருண்ணா இந்தப் பல் டாக்டர்?"

"நீதான்."

"எனக்கு எப்போ மீசை முளைச்சுது?"

ரேஸ் டிராக்கில் ஒரு பொம்பளை கார் ஓட்டுவதை வாசகர்கள் சட்டென்று நம்பமாட்டார்கள் என்று மென்று முழுங்கினேன். "உன் வாசகர்கள் நம்பலைன்னா போகட்டும். டயர் நம்பினா எனக்குப் போதும்" என்றாள். நல்ல வசனம். மீசைக்காரரின் வாயில் வைத்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

ஆகவே நிஜ ஆட்களே வரட்டும். என் தங்கை ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். கத்தி பிடிப்பவர்கள் வயிற்றைப் பார்ப்பார்கள், இவள் மூச்சைப் பார்ப்பாள். நாள் முழுக்க அடுத்தவர் மூச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாம்புக் காது. அவள் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சாது. சண்டையில்கூட 'நீங்க' என்பார்.

மாதம் ஒருமுறை இரண்டு பேரும் டிராக் டேக்குப் போவார்கள். அது பந்தயமில்லை, கோப்பையும் கிடையாது. ரேஸ் டிராக்கை ஒருநாள் திறந்துவிடுவார்கள், நம் வண்டியை நாமே கொண்டுபோய் மனசு ஆறும்வரை ஓட்டலாம். அவள் ஓட்டுவாள், அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவார். ஹெல்மெட்டுக்குள் மைக் உண்டு.

(ஓரக் குறிப்பு: அந்த மைக்கில் அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று கேட்டேன். "எல்லாந்தான். கடையில நடந்தது, ஆஸ்பத்திரியில நடந்தது. வீட்ல எங்கண்ணா நேரம்?" என்றாள். எழுந்து போய் இரண்டு இட்லி சாப்பிட்டேன். கதைக்குக் கரு கிடைத்ததும் எனக்கு இப்படித்தான் ஆகும், பசி என்று நினைத்துக்கொள்வேன்.)

3.

இனி வண்டிகள். இரண்டிலும் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு முன்னால், அதாவது நடுவில். எனக்குப் புரிந்த வரையில் இது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்புவது மாதிரி. பாரம் உடம்போடு ஒட்டியே இருப்பதால் சட்டென்று திரும்பலாம். ஆனால் கால் இடறினால் நாமும் சட்டென்று சுற்றிவிடுவோம்.

சிவப்பு வண்டி பழசு, சின்னது, எடை கம்மி. தப்பு செய்தால் தாங்கிப் பிடிக்க அதில் ஒன்றும் கிடையாது. சாம்பல் வண்டி புதுசு. அதில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு நம் தப்பையெல்லாம் நமக்கே தெரியாமல் திருத்திவிடும். இரண்டையும் ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தவர் கார் விற்பவர். எதற்கெடுத்தாலும் "பொறுமை, பொறுமை" என்பதால் அவருக்குப் பெயரே பொறுமை.

சிவப்பு வண்டியில் நடந்தது இது. அந்த டிராக்கில் 'முழங்கை' என்று ஒரு வளைவு உண்டு. அதற்குள் முழு வேகத்தில் நுழைந்தாள். பாதி வளைவில் மைக்கில் மாப்பிள்ளை 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்தார். அவள் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து தானாக எழுந்தது. வண்டி பம்பரமாகச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. நல்லவேளை, இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"நடு வளைவுல காலை எடுத்தீங்களா, டாக்டரம்மா?" என்றார் பொறுமை.

"எடுத்தேன்."

"இதுவரைக்கும் நீங்க ஓட்டின வண்டியில எஞ்சின் முன்னாடி இருந்துச்சு, எடுத்தாலும் சமாளிச்சுக்கும். இதுல எடுத்தா பாரம் முன்னாடி சாஞ்சு பின் டயர் பிடிய விட்டுடும். பயம் வந்தாலும் காலை எடுக்கக் கூடாதும்மா."

"எனக்குப் பயமே வரல" என்றாள் தங்கை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் என்னிடம் பொரிந்து தள்ளினாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அண்ணா, இவர் மூச்ச இழுத்தா நான் காலை எடுத்துடுவேன். பழக்கம். இவருக்குப் பயம், நான் நிதானிச்சுக்குவேன். அந்த வண்டியில அது சரியா இருந்துச்சு. இதுல அதுவே எமன்."

4.

முடிவுகளை எழுதத் தொடங்கினேன்.

முடிவு ஒன்று: சாம்பலை எடுக்கிறாள். அவர் மூச்சை இழுக்கட்டும், அவள் காலை எடுக்கட்டும், கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். சுபம்.

அவள் பதில்: "ஓட்டிப் பார்த்தேனே. நல்ல வண்டி. ஆனா நான் ஓட்டின மாதிரியே இல்ல, என்னை உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போன மாதிரி இருந்துச்சு. சிவப்புல ரோட்டுல கிடக்கிற சின்னக் கல்லுகூடக் கைக்குத் தெரியுது."

முடிவு இரண்டு: சிவப்பை எடுக்கிறாள். பொறுமை பக்கத்து சீட்டைக் கழற்றிவிடுகிறார், எடையும் குறையும். மாப்பிள்ளை சுவரோரம் நின்று கையாட்டுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் அவர் சின்னதாக, இன்னும் சின்னதாக

[அழித்தேன். அழுகை வந்தது. அவளுக்கல்ல, எனக்கு.]

முடிவு மூன்று: மைக்கை ஆஃப் செய்துவிடுகிறார்கள்.

"அதையும் பண்ணியாச்சு. இப்ப இழுத்திருப்பாரோ இப்ப இழுத்திருப்பாரோன்னு நானே நினைச்சு நினைச்சு வளைவே இல்லாத இடத்துல காலை எடுத்துட்டு வந்தேன். போதுமா?"

போதும் தாயே.

5.

எனக்கு மாப்பிள்ளை பாத்திரத்தின் மீது சந்தேகம் வந்தது. இவ்வளவு பயப்படுகிறவர் ஏன் மாதம் தவறாமல் போய் அந்த சீட்டில் உட்கார்கிறார்? கதையில் ஓட்டை இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். யாருடைய கண்ணாடிக்கோ காதில் மாட்டும் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, உங்களுக்குப் பயமா இருந்தா எதுக்குப் போறீங்க? பேசாம வெளியவே நின்னுக்கலாமே?"

"பயமா? எனக்கா?" நிமிர்ந்தார். "பயந்தா மூச்ச இழுக்கிறேன்? ஐயையோ, இல்ல மச்சான். அந்த முழங்கைல அவ வண்டிய உள்ள விடுவா பாருங்க, கையில ஒரு நடுக்கம் இருக்காது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு... அப்படியே..." 'ஸ்ஸ்' என்று இழுத்துக் காட்டினார். கண் பளபளத்தது. "அழகா இருக்கும் மச்சான்."

"அடப்பாவி! அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா எனக்காகவே சிவப்பை எடுத்துடுவா. வண்டி அவளுக்குப் பிடிச்சு எடுக்கணும். நீங்களும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதினேன், அவ்வளவுதான். மேலே நீங்கள் படித்த ஐந்தாம் பகுதியை அப்படியே அவளுக்கு அனுப்பிவைத்தேன். எழுத்தாளனை நம்பிச் சத்தியம் வாங்குகிறவர்கள்மீது எனக்கு அனுதாபம் உண்டு.

6.

மறுநாள் ஆஸ்பத்திரி உடுப்போடு நேராக வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"அண்ணா, இது நீயா கட்டினதா?"

"இல்லம்மா. இது மட்டும் இல்ல."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஊர்ல இருக்கிறவங்க மூச்சையெல்லாம் அளந்து பார்க்கிறேன். என் பக்கத்துல இருக்கிற ஆளு மூச்ச தப்பா எடுத்துக்கிட்டேனே. அவர் பயப்படுறார்னு இத்தனை வருஷமா நான் வேகத்தைக் குறைச்சேன். அவர் பார்க்கணும்னு ஆசைப்பட்டதையே அவருக்குக் காட்டாம விட்டிருக்கேன்."

காபி போட்டுக் கொடுத்தேன்.

"இந்தப் பகுதிய அழிச்சிடாதே" என்றாள். பிறகு தன் வலது பாதத்தைக் குனிந்து பார்த்தாள். "எனக்குப் புரிஞ்சிடுச்சு. இதுக்கு யார் சொல்றது? காது கேட்ட உடனே தானா எழுந்துக்குதே."

"பழக்கம் விடணும்."

"சனிக்கிழமை சிவப்பை இன்னொரு தடவை கேட்டிருக்கேன். சீட்டோட. மைக்கோட. நீயும் வா."

7.

[கடைசிப் பகுதி. நாலு விதமாக எழுதினேன், நாலும் குப்பைக்கூடையில்.]

சனிக்கிழமை போனேன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நானும் பொறுமையும். மாப்பிள்ளை பெல்ட்டைப் போட்டுக்கொண்டே என்னை முறைத்தார், விஷயம் தெரிந்துவிட்டது. அவள் குனிந்து அவர் ஹெல்மெட் வாரைச் சரிசெய்தாள். ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, நானாக எதையும் இட்டுக்கட்டப் போவதில்லை.

முதல் இரண்டு சுற்று மெதுவாக. மூன்றாவதில் எஞ்சின் சத்தம் மாறியது. "பொறுமை, பொறுமை" என்று பக்கத்தில் ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

சிவப்பு வண்டி இதோ முழங்கைக்குள் நுழைகிறது. மாப்பிள்ளை மூச்சை இழுப்பார், அதில் சந்தேகமில்லை. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசும் இல்லை. அவள் கால் என்ன செய்யும் என்பதுதான் பாக்கி. நான் பார்த்தேன். எழுத மாட்டேன்.

இந்த இடத்தில் நீங்களும் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தால், அது பயமா, மற்றதா என்று முதலில் உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு செய்துவிட்டு மெதுவாக விடுங்கள்.

அவளுக்குப் பாம்புக் காது.