சாளைத்துறையில் விழுந்த அடிகள்

சாளைத்துறைக் கடற்கரையில் அடித்தால் வலிக்காது. அலைச்சத்தம் காதில் விழுகிற தூரம்வரை இது உண்மை. அதைத் தாண்டி, ராதாபுரம் பஸ் திரும்புகிற உடைமரத்தடிக்கு வந்துவிட்டால் அடி மறுபடியும் அடிதான். கரையில் கம்பால் அடித்தாலும் கல்லைத் தூக்கிப் போட்டாலும் மேலே பஞ்சுப்பொதி விழுந்த மாதிரி இருக்கும். அரிவாள் தண்ணீருக்குள் போவதுபோலத் தோளுக்குள் போய் வெளியே வரும், பின்னாலேயே தோல் மூடிக்கொள்ளும், சொட்டு ரத்தம் இருக்காது. இதை முதலில் கண்டுபிடித்தது நாங்குநேரிப் பக்கமிருந்து வேனில் வந்த ஒரு குடும்பம். இறங்காதே என்று சொல்லியும் தண்ணீரில் இறங்கிய மகனுக்கு அப்பா கிரிக்கெட் ஸ்டம்பால் முதுகில் ஒன்று வைத்தார். மகன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அப்பா ஓங்கி வைத்தார். அவன் இன்னும் சிரித்தான். ஸ்டம்ப் ஒடிந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் அந்த வேனில் வந்த அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் அடித்துப் பார்த்துவிட்டு, வெகுநாள் கனம் இறங்கின முகத்தோடு ஊர் திரும்பினார்கள்.

அதற்கு முன்னால் வெளியாட்கள் சாளைத்துறைக்கு வரப் பெரிய காரணம் கிடையாது. திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் வழி தவறினால் வருவார்கள். ஊர் இளைஞர்கள் 'குடும்பத்தோடு வாங்க, செலவே இல்லை' என்று ஒரு வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். சிப்பி பொறுக்கலாம், மணல்மேட்டில் சறுக்கலாம், பட்டம் விடலாம், கரைவலை இழுக்கிறவர்களோடு சேர்ந்து கயிறு பிடிக்கலாம் என்று அதில் சொல்லியிருந்தது. ஒருவரும் வரவில்லை. கடைசியில் 'அடித்துக்கொள்ளலாம்' என்பதையும் சேர்த்தபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் நிறுத்த இடமில்லாமல் போயிற்று. வாய்க்கால் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் அரிவாளோடு வந்து, கை ஓயும்வரை வெட்டிக்கொண்டு, ஒரே இளநீரைக் குடித்தார்கள். கல்யாணத்தில் மரியாதை கிடைக்காத தாய்மாமன் குத்துவிளக்கைச் சுமந்துவந்து சம்பந்தியின் மண்டையில் இறக்கினார். பேட்டையிலிருந்து வந்த ஜவுளிக்கடை ஹசன் அலி, துபாயிலிருந்து லீவில் வந்திருந்த தம்பியைப் பிரியாணிச் சட்டுவத்தால் ஒரு மணி நேரம் அடித்துவிட்டு, அதே சட்டுவத்தால் அவனுக்குப் பரிமாறினார். மாமியார்களும் மருமகள்களும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மணலில் உருண்டார்கள். எல்லாம் முடிந்து ஐஸ் வாங்கித் தின்றார்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து சங்கரியை அவள் புருஷன் சிவசண்முகம் அங்கே கூட்டிப் போனது ஒரு ஆடி மாதத்தில். அவன் நெல் அறுக்கிற இயந்திரம் ஓட்டுகிறவன். வலது கையில் திருச்செந்தூரில் வாங்கின, வேல் பொறித்த மோதிரம் போட்டிருப்பான். அந்த வேலின் முனை சங்கரியின் தோளிலும் கன்னத்தெலும்பிலும் மாறி மாறிப் பதிந்து மறைந்துகொண்டிருந்தது. அவள் பீடி சுற்றுகிறவள், அதிகம் பேசமாட்டாள். கல்யாணமான புதிதில் பேசியிருக்கிறாள்; பிறகு பேச்சுக்கும் அடிக்கும் தொடர்பு இருப்பதாக நினைத்துப் பேச்சை விட்டாள். அடி நிற்கவில்லை, பேச்சும் திரும்பி வரவில்லை.

சிவசண்முகத்தின் தங்கை சுகன்யாவும் அவள் புருஷன் பேச்சிராஜும் கூட வந்திருந்தார்கள். பேச்சிராஜ் கொத்தனார், இடக்கைக்காரன். கரையில் இறங்கியதும் விட்ட முதல் அடியிலேயே சிவசண்முகத்தை மணலில் சாய்த்தான்.

"என்ன மாப்ள, பீச்சாங்கையாலயா போடுதீரு?" என்று சிவசண்முகம் எழுந்து சிரித்தான்.

"சோறு தவிர மத்த வேலை எல்லாம் இதுலதான் மச்சான்."

பிறகு சிவசண்முகம் சங்கரியின் பக்கம் திரும்பினான். அவள் வழக்கம்போலக் கண்ணை இறுக்கிக்கொண்டாள். அடி விழுந்தது தெரிந்தது, வலி வரவில்லை. "கண்ணத் தொறந்துதான் பாருங்களேன் மைனி, ஒண்ணும் செய்யாது" என்றாள் சுகன்யா. சங்கரி திறந்தாள். இத்தனை வருஷத்தில் அவன் அடிக்கும்போது அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை. அதில் கோபம் இருக்கும் என்று நினைத்திருந்தாள்; தான் செய்கிற ஏதோ ஒன்றால் அந்தக் கோபம் வருகிறது, அது எதுவென்று கண்டுபிடித்துவிட்டால் நின்றுவிடும் என்றும் நினைத்திருந்தாள். முகத்தில் கோபமே இல்லை. மாங்காய்க்குக் கல் எறிகிறவனின் முகம்போல அது கவனமாக, நிம்மதியாக இருந்தது.

"இப்ப நீங்க போடுங்க மைனி. இப்பிடி ஒரு சமயம் வாய்க்குமா?"

சங்கரிக்குக் கை எழும்பவில்லை.

"அவளா? கொசுவக்கூட கும்புட்டுட்டுத்தான் அடிப்பா" என்றான் சிவசண்முகம். சுற்றி நின்ற முன்பின் தெரியாத குடும்பங்களும் சேர்ந்து சிரித்தன.

நல்ல இடத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிற பழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. திருச்செந்தூர் போனால் இலை விபூதி கொண்டுவருகிறவர்கள், சாளைத்துறையிலிருந்து மணல் அள்ளி வந்தார்கள். வீட்டு நாலு மூலையிலும் ஒரு பிடி போட்டால் வீட்டுக்குள்ளும் வலிக்காது என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் சொன்னார்கள். சிவசண்முகம் ஒரு கட்டைப்பை நிறைய அள்ளி வந்தான். மறுநாள் சாயங்காலம் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, நாலு மூலையிலும் மணலைத் தூவிவிட்டு சங்கரியை அடித்தான். வலித்தது. முன்னைவிட அதிகமாகவே வலித்தது, ஏனென்றால் அவன் முன்பு எங்கோ ஓர் இடத்தில் நிறுத்துவான். இப்போது நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தான். அவள் வருஷக்கணக்காக விட்டிருந்த பேச்சை எடுத்து, "வலிக்கு" என்றாள்.

"நடிக்காத" என்றான் அவன்.

பக்கத்து வீட்டுச் சுடலைவடிவு அதுவரைக்கும் சுவரில் உலக்கையால் இடித்து, "ஏ சிவசம்முவம், விடுதியா, நான் வரட்டுமா?" என்று கத்துகிறவள். அவள் இடித்தால் அவன் கையை எடுத்துவிடுவான். மணல் வந்தபிறகு அவள் இடிப்பதை விட்டாள். தண்ணீர்க்குழாயடியில் சங்கரியின் உதட்டைப் பார்த்து, "அதான் மண்ணு போட்டாச்சுல்லா, பெறவென்ன?" என்று குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தன் வீட்டிலும் அவள் மணல் போட்டிருந்தாள்.

அந்த வருஷம் தாமிரபரணிக்கு இரண்டு பக்கமும் மணல் போகாத தெரு இல்லை. ராதாபுரத்துக்கு மேற்கே கிணற்றுப் பங்குக்காக அடித்துக்கொண்ட சித்தப்பனும் அண்ணன் மகனும், நேரமில்லாததால் கடற்கரைக்குப் போகாமல், தோட்டத்தில் மணலைத் தூவிவிட்டுச் சிரித்துக்கொண்டே அரிவாளை வீசினார்கள். தோல் மூடிக்கொள்ளவில்லை. பார்க்க வந்த பங்காளிகள் மணல் குறைவாக விழுந்துவிட்டது என்று பேசிக்கொண்டு, இன்னும் ஒரு பையை அவிழ்த்து, மிச்சத் தகராறை அங்கேயே தீர்க்கப் பார்த்ததில் மேலும் மூன்று பேர் விழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் தலைக்கட்டோடு கிடந்தவர்கள் டாக்டரிடம் வலிக்கவில்லை என்றே சொன்னார்கள். போலீஸ் மணலைத் தடயமாக எடுத்துக்கொண்டு போனது. அதில் பாதி ஸ்டேஷனிலேயே காணாமல் போனது. மணலில் குற்றம் இல்லை, அள்ளின இடம் சரியில்லை என்று முடிவாகி, ஜனங்கள் தண்ணீருக்கு இன்னும் அருகே போய் அள்ளத் தொடங்கினார்கள். சிவசண்முகமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சங்கரியோடு கரைக்குப் போய் வந்தான். ஞாயிறு அங்கே, மற்ற நாள் வீட்டில்.

தை அறுப்பு முடிந்த வாரம் அவள் இடது மணிக்கட்டை முறித்தான். முறிகிற சத்தத்தை அவனும் கேட்டான். "சத்தம் நல்லாத்தான் போடுத" என்றான். மறுநாள் அவன் வேலைக்குப் போனபின் கையைத் துணியால் கழுத்தோடு கட்டிக்கொண்டு வள்ளியூர் போய், அங்கிருந்து ராதாபுரம், அங்கிருந்து சாளைத்துறை என்று பஸ் மாறிப் போனாள் சங்கரி. அலைச்சத்தம் கேட்டதும் மணிக்கட்டு வலி நிற்கும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. வெளியே வாங்கிய அடியைக் கடல் எடுத்துக்கொள்வதில்லை.

ஆளில்லாத கரையில் மீன்காரி கிரேஸ் மட்டும் மீன் சுமக்கிற ஓலைக் கடவப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் மீன் வாடையைவிடத் தைல வாடை அதிகமாக அடித்தது. சங்கரியின் கையைப் பார்த்தாள்.

"மண்ணு போட்டும் வலிக்கு" என்றாள் சங்கரி.

"மண்ணுல என்ன இருக்கு? கடலுல்லா வாங்குது" என்று கிரேஸ் ஒரு சாளையைத் தூக்கிக் காட்டினாள். மீனின் முதுகில் நாலு விரல் பதிந்து நீலமாகக் கன்றியிருந்தது. பெட்டி முழுக்க அப்படித்தான். கண் வீங்கின மீன், தாடை கோணின மீன், செவுள் பக்கம் கம்புத் தடம் விழுந்த மீன். "நீங்க இங்கன அடிச்சிட்டு ஐஸ் தின்னுட்டுப் போயிருதிய. மீனுக்கு விழுது. அதைத் தின்னா எங்களுக்கு விழுது. ஊரே தைலம் தேய்ச்சிட்டுப் படுக்கோம்."

"சொல்லப்படாதா?"

"சொன்னோம். மீன்காரிய பொறாமையில பேசுதாளுவன்னாவ."

"திங்காம இருக்கலாமே."

கிரேஸுக்குச் சிரிப்பு வந்தது. "கடக்கரையில இருந்துக்கிட்டு மீன் திங்காம மண்ணையா திங்க? சாப்பிட்டியாளா நீ?"

சங்கரி சாப்பிட்டிருக்கவில்லை. கிரேஸ் வீட்டில் புளிக்குழம்பும் சோறும் போட்டாள். மூன்றாவது கவளத்தில் சங்கரியின் வலது தோளில் அடி விழுந்தது. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். எலும்பின்மேல் வேலின் முனை சரியாக இறங்கியது. சட்டியில் கிடந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாள். வெந்த தோலிலும் வேல் தெரிந்தது. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வலிக்காமல் போன அடி இப்போது வந்து சேர்ந்திருந்தது. அவள் அழவில்லை. மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாள்.

கொல்லையில் ஓலைக்கு அடியில் ஒரு பெரிய பாறை மீன் கிடந்தது. அதன் கழுத்தில் அரிவாள் வெட்டு, பாதி ஆழத்துக்கு. அதை யாரும் தின்பதில்லை, குழி வெட்டிப் புதைத்துவிடுவோம் என்றாள் கிரேஸ். ஒருதடவை ஒரு நாய் தோண்டித் தின்றிருக்கிறது.

"நாய் என்னாச்சு?"

"தலை அங்கன கெடந்துச்சு. ஒடம்பு இங்கன கெடந்துச்சு."

சங்கரி அந்த மீனுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். கிரேஸ் வலை சரிசெய்தாள், விளக்குமாறு எடுத்து முற்றம் பெருக்கினாள், திரும்பி வந்தாள். சங்கரி அப்படியே இருந்தாள். கடல் உள்வாங்கி மறுபடி ஏறியது. அந்த ஊரில் வலியோடு இருப்பவர்களைப் பேசச் சொல்கிற வழக்கமில்லை. வெயில் தாழ்ந்தபிறகு சங்கரி எழுந்து, முன்வாசலுக்கு வந்து, கடவப்பெட்டியில் ஒற்றைக் கையால் துழாவி, வேல் பதிந்த சாளைகளை மட்டும் பொறுக்கினாள். பை நிறைய இருந்தன.

அன்று இரவு சிவசண்முகம் எங்கே போனாய் என்று கேட்பதற்கு முன்னால் குழம்பு வாசனை வந்துவிட்டது. உட்கார்ந்தான். ருசியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இரண்டு மீன் சாப்பிட்டான். மூன்றாவதைப் பிய்க்கும்போது அவன் தலை ஒரு பக்கமாகத் திரும்பிப்போனது. கையை எடுத்துக் கன்னத்தைத் தடவினான். அங்கே ஒரு சின்ன வேல் எழும்பிக்கொண்டிருந்தது. அடுத்தது விலாவில். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான், எழுந்தவனை வயிற்றில் விழுந்தது மடக்கிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உதடு கிழிந்து பல் சோற்றில் விழுந்தது. அவன் அடுப்படிச் சுவர்வரை உருண்டு, அங்கிருந்து வாசல்வரை உருண்டான்.

"வலிக்குட்டி," என்று கத்தினான். "ஏட்டி, வலிக்கு!"

"நடிக்காதிய" என்றாள் சங்கரி.

சத்தம் கேட்டுச் சுடலைவடிவும் இன்னும் இரண்டு மூன்று பேரும் வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே தரையில் கிடந்து துடிக்கிறவனைப் பார்த்தார்கள், ஆள் யாரும் தொடாமலே அவன் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்ததைப் பார்த்தார்கள், பிறகு மூலைகளைப் பார்த்தார்கள். "மண்ணு போட்டாச்சுல்லா, பெறவென்ன" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

சங்கரி கண்ணை மூடாமல் கடைசிவரை பார்த்தாள். தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை, கவனமாக, நிம்மதியாக இருந்தது. தன் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று பார்க்கத் துணியாமல், கண்ணாடி மாட்டியிருந்த பக்கம் திரும்பாமலேயே துணிமணிகளை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

சிவசண்முகம் சாகவில்லை. மூக்கு கோணலாகவே ஒட்டிக்கொண்டது. இப்போது அவன் சைவம். அறுப்புக் காலத்தில் வயலில் மீன்குழம்பு வந்தால் எழுந்து தூரமாகப் போய் உட்காருகிறான். அவனைப்போல சைவமாகிவிட்டவர்கள் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் பெருகிவிட்டார்கள். சங்கரி சாளைத்துறையில் கிரேஸோடு மீன் விற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கிழமை நாட்களில், தனியாக, பெண்கள் வருகிறார்கள். அவர்கள் மீனின் பெயரைச் சொல்வதில்லை. கையைச் சொல்வார்கள்: சுண்டுவிரல் இல்லாத கை, உள்ளங்கை காய்த்த கை, பெல்ட் சுற்றின கை. சங்கரி பெட்டியில் தேடி எடுத்துக் கொடுப்பாள். கழுத்து வெட்டுப்பட்ட மீனைக் கேட்கிறவர்களும் உண்டு. அது கிடையாதம்மா என்பாள். அன்றைக்குக் குழியைக் கொஞ்சம் ஆழமாக வெட்டுவாள்.

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, மழை விட்டிருந்த நேரத்தில், சுகன்யா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். முந்தானையால் தாடையை மறைத்திருந்தாள். பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். சங்கரி மீனுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"மைனி," என்றாள் சுகன்யா, "அவுக இடக்கை."

சங்கரி பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, எடுத்துவைக்கத் தொடங்கினாள்.