தேவகியைக் கேட்காமல் எழுதிய முடிவு

1

இந்தக் கதை எனக்குத் திருத்தணி பஸ் நிலையத்தில் கிடைத்தது. ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண், பக்கத்திலிருந்தவளிடம், "நோட்டீஸ் ஒட்டினாங்களாம். நாம மலைல இருந்தோம்," என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதியை நானாக இட்டுக்கட்டினேன். ஒட்டுக்கேட்டவனுக்கு வேறென்ன வழி?

2

ஆடிக் கிருத்திகை. மலையெங்கும் காவடிகள். தையல் கூடத்தின் இயந்திரங்கள் ஓய்ந்திருக்க, காலம் மெல்ல...

[வேண்டாம். காலத்தை மெல்ல நகர்த்தினால் நான் ஏதோ பெரிய ஆள் போலத் தெரிகிறது. நேரே சொல்கிறேன்.]

தேவகி ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள். கணவன் பரணிதரனின் விசைத்தறி நின்றதிலிருந்து வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில்தான். கிருத்திகைக்காகக் கம்பெனி மூடியிருந்தபோது மேனேஜர் ஹேமநாதன் போர்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: அடுத்த மாதம் முதல் தையல் பிரிவுக்கு இரவு பத்து மணி வரை ஷிப்ட்.* தேவகியின் ஊருக்குக் கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும்.

* வேலை நேரத்தை மாற்றுவதென்றால் தொழிலாளிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பெண்களை இரவில் வேலைக்கு வைக்க அவர்கள் சம்மதமும் வேண்டும் என்கிறது சட்டம். ஹேமநாதன் தெரிவித்துவிட்டார், பூட்டிய கேட்டுக்கு.

3

ஹேமநாதனை வில்லனாக்கப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். பொருந்தவில்லை. மேலிடம் சொன்னதைச் செய்துவிட்டு, அன்று பிற்பகலே மனைவியோடு மலையேறி தரிசன வரிசையில் நின்ற மனிதர் அவர். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. ஆச்சரியம் மட்டும் இல்லை.

4

முடிவு ஒன்று: தேவகி வேலையை விடுகிறாள். கேட்டைத் திரும்பிப் பார்க்கிறாள். கண்ணீர்.

எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன். அப்போதுதான் தேவகி குறுக்கே வந்தாள்.

"இன்னா சார், நான் வேலைய வுட்டேன்னு யார் சொன்னா?"

"கதைக்கு உருக்கமா இருக்கும்மா."

"உங்க உருக்கத்துக்கு என் சோத்துல கை வெப்பீங்களா? என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஹேமநாதனாவது ஒரு நோட்டீஸ் ஒட்டினார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"சரி, இப்ப கேக்கறேன். நீ இன்னா செய்வே?"

"எங்க ஊர்ப் பக்கம் மட்டும் ஒரு வேன் நெறயற அளவுக்கு ஆளு பஸ்ஸுல வந்துகினு இருக்கறோம். ராத்திரி வூட்டுக்குப் போக கம்பெனியே வேன் வுட்டா ஷிப்டு பாக்கறோம். இல்லன்னா சம்மதம் இல்ல. இத அவருகிட்ட நேரா சொல்லணும். நாலு பேரா போறோம். நீங்க கதவ மட்டும் தொறந்து வுடுங்க, போதும்."

5

திறந்துவிட்டேன்.

"சார், நோட்டீஸ் விசயமா பேசணும்," என்றாள் தேவகி.

"அதான் போர்டுல ஒட்டியாச்சேம்மா," என்றார் ஹேமநாதன்.

"ஆங், படிச்சோம் சார். எங்க பதில யாரும் கேக்கலயே."

ஹேமநாதன் பேனாவை மூடி வைத்தார். பிறகு அவர்

[இங்கே நிறுத்திவிட்டேன். இன்னொருவர் வாயில் பதிலைத் திணிக்க எனக்கு இனி மனசில்லை. அவருடைய நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் இனி நீங்கள்தான். எதிரே நான்கு பெண்கள், நாளெல்லாம் தைத்த களைப்போடு நிற்கிறார்கள். முதலில் அவர்களை உட்காரச் சொல்லுங்கள்.]