சம்பந்திகள் பிரித்த ஏரி

அலுவலகத்தில் அந்த அம்மாளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். நில அளவைத் துறை. வரைபடத்தில் ஒரு கோடு மயிரிழை தடித்திருந்தாலும், "இந்தத் தடிப்புக்குள்ள ஒரு தெருவே காணாமப் போயிடும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு நாடுகளுக்கும் நடுவில் கிடந்த ஏரியைப் பிரிக்கக் கூட்டுக் குழு அமைத்தபோது, தம் தரப்பில் அவரைத்தான் போட்டார்கள். எதிர்த் தரப்பில் வந்தவரும் லேசுப்பட்டவர் இல்லை. எதைக் கேட்டாலும் "பேசுவோம்" என்பார். சொன்னபடியே பேசிக்கொண்டும் இருப்பார்.

நடுக்கோடுதான் எல்லை என்பதில் இருவருக்கும் சம்மதம். நடு எது என்பதில்தான் வில்லங்கம். இந்தப் பக்கம் கரை தட்டை. மழைக்காலத்தில் தண்ணீர் வயல்வரை ஏறிவிடும். அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை. தண்ணீர் அங்கே எங்கும் போக முடியாது. ஆகவே மழையில் அளந்தால் நடுக்கோடு இந்தப் பக்கம் நகர்ந்துவிடும். அவர் மழைக்காலத்தில்தான் அளக்க வேண்டும் என்றார். இவர் கோடையில் என்றார். இப்படியே வருஷங்கள் ஓடின.

இதற்கு நடுவே வேறொரு காரியம் நடந்தது. ஏரியை அளக்கும் படகில் ஒருநாள் இரு தரப்புக் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டார்கள். மில்லிமீட்டரின் மகளும் எதிர்த் தரப்புக்காரரின் மகனும் படகின் பின்பக்கம் உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த வருஷம் கல்யாணம். இரண்டு அமைச்சகங்களும் ஆடிப்போயின. பெண் கொடுத்த இடம் என்று விட்டுக்கொடுத்துவிட மாட்டீர்களே என்று மேலதிகாரி எழுத்து மூலம் கேட்டார். மாட்டேன் என்று எழுத்து மூலம் பதில் போனது. ஆளை மாற்றலாம் என்றால், அத்தனை கோப்புகளையும் முதலிலிருந்து படிக்க யாரும் முன்வரவில்லை.

கடைசியில் ஒரு பாறை மட்டும் பாக்கி நின்றது. அதைப் பேச வேண்டிய வாரத்தில், மகள் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலம்மா."

மகளுடைய பழைய அறை முழுக்க வரைபடச் சுருள்கள். மில்லிமீட்டர் அவற்றைத் தூக்கிக் கூடத்து நாற்காலிகளில் கிடத்தினார். உட்கார இடமில்லாமல் இருவரும் சமையலறையில் நின்றபடியே பேசினார்கள்.

"நான் கேட்டது ஒரே ஒரு ரூம்மா. வாசப் பக்கத்து ரூம். உக்காந்து வேலை பாக்க. மாமா அதுல மேப்பா அடுக்கி வெச்சிருக்காரு. கேட்டா பேசுவோம்ங்கறாரு. போன வாரம் நிகழ்ச்சி நிரலே அடிச்சுக் குடுத்தாரு."

"அதுல இது எத்தனையாவது?"

"நாலாவது. மூணாவது தண்ணி மோட்டாரு."

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?"

"அப்பா பேசி முடிக்கட்டும்ங்கறாரு."

"சரி, அந்த மனுஷன்கிட்ட நான் பேசிக்கறேன்."

"நீ ஒண்ணும் பேச வேணாம். நீங்க ரெண்டு பேரும் உக்காந்தா, நான் ரிடையரே ஆயிடுவேன்."

மில்லிமீட்டருக்குச் சுருக்கென்றது.

பாறை கோடையில் எருமை முதுகுபோலத் தலைகாட்டும், மழையில் முழுகிவிடும். அது தீவு, கோடு அதைச் சுற்றித்தான் போக வேண்டும் என்றார் சம்பந்தி. நாலு மாசம் தண்ணிக்கடியில் கிடப்பதைத் தீவு என்று சொல்ல முடியாது என்றார் இவர். கூட்டத்தில் காலைப் பொழுது அதிலேயே போயிற்று. தேநீர் இடைவேளையில் தாழ்வார ஜன்னலருகே அவர் இரண்டு கோப்பைகளோடு வந்தார்.

"சம்பந்தியம்மா, பொண்ணு சௌக்கியமா?"

"இருக்கா."

"வீடு வெறிச்சுன்னு இருக்கு."

"அந்த ரூமை ஒழிச்சுக் குடுத்துடலாமே, சம்பந்தி."

அவர் கோப்பைக்குள் பார்த்தார். "நீங்க பாறை விஷயத்துல கொஞ்சம் இறங்கி வந்தா, நானும் ரூம் விஷயத்துல..." என்று பாதியில் சிரித்தார்.

அந்த ஒரு நொடியில் மில்லிமீட்டரின் கண்ணுக்குள் காலி அறையும், ஜன்னலோரம் மகளின் மேசையும் வந்துபோயின. பறவைகளைத் தவிர அந்தப் பாறையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"என் பொண்ணு உங்க வீட்டு நிகழ்ச்சி நிரல்ல நாலாவதா இருக்கா. இங்கயும் அவளை ஏத்தாதீங்க."

சம்பந்தியின் முகம் விழுந்துவிட்டது. "தப்பாப் பேசிட்டேன்."

"ஆமா."

இடைவேளைக்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. மில்லிமீட்டர்தான் சொன்னார்: இரண்டு பருவத்துக்கும் சராசரி நீர்மட்டம் எடுத்துக்கொள்வோம், பாறை இல்லை என்றே வைத்துக் கோட்டை நேராக இழுப்போம், பாறையில் யாரும் எதுவும் கட்டக் கூடாது, இரண்டு கரை மீனவர்களும் வலை காயப் போட்டுக்கொள்ளலாம். எதிர்த் தரப்பு தலையாட்டியது. தூங்கிக்கொண்டிருந்த குழுத் தலைவரை எழுப்பி, முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தால் மகளும் இல்லை, பெட்டியும் இல்லை. சுருள்கள் மறுபடி அறைக்குள் வரிசையாக நின்றன. போன் செய்தார்.

"அவரு மத்தியானப் படகுல வந்தாரும்மா. கையில சாவியோட. நேத்தே வீடு பாத்துட்டாராம். தனியாப் போறோம்."

"எவ்வளவு நேரம் பேசினீங்க?"

"ஒரு டீ குடிக்கற நேரம்."

"மாமாகிட்ட சொல்லியாச்சா?"

"அவரு போன்ல சொன்னாரு. மாமா பேசுவோம்னாரு. இவரு வெச்சுட்டாரு."

"எந்தக் கரையில வீடு?"

"அந்தக் கரைதான். அட்ரஸ் அப்பறம் அனுப்பறேன்."

கையெழுத்து விழாவில் சம்பந்திகளை அருகருகே உட்காரவைத்தார்கள். அமைச்சர் உரையாற்றும்போது சம்பந்தி இந்தப் பக்கம் சாய்ந்து, "அட்ரஸ் வந்துச்சா?" என்றார். "இல்ல." "எனக்கும் இல்ல." புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். இருவரும் கை குலுக்கினார்கள்.

மறு வாரம் விலாசம் இருவருக்கும் வந்தது. கீழே ஒரு வரி: ரெண்டு பேரும் ஒரே நாள்ல வராதீங்க.

சம்பந்தி உடனே கூப்பிட்டார். "முதல்ல யாரு போறதுன்னு..."

"நீங்க போங்க, சம்பந்தி."

"இல்ல, நீங்க போங்க," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவருமே போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மாப்பிள்ளையே படகேறி வந்து, "கிளம்புங்க அத்தை," என்று கூட்டிக்கொண்டு போனார்.