மேல் மாடிச் சித்தி

மகளுக்கு முதல் பல் விழுந்து மூன்று நாளாகியிருந்தது. பெற்றவளுக்கு அது தெரியவந்ததே நான்காம் நாள் காலையில், மகள் வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான்.

"எப்படி, எப்ப விழுந்துச்சு?"

"சித்தி வீட்டுல. நானே ஆட்டி ஆட்டி எடுத்தேன். எடுக்குற வரைக்கும் சித்தி எனக்கு முகம் பாக்குற கண்ணாடியப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னேனே. நீ போனைப் பாத்துக்கிட்டே 'ம்'னு சொன்னியே!"

சித்தி என்றால் மேல் மாடியில் குடியிருக்கும் கொழுந்தன் மனைவி. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. போன வருஷம் கடைப் பொறுப்பையே ஏற்றுப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, மதியம் வரை மட்டும் வருகிறேன் என்று கேட்டு அரைநாள் வேலையாக வாங்கிக்கொண்டாள். "பிழைக்கத் தெரியாதவ" என்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தவள், பெற்றவளான இவள்தான். இவளோ பார்சல் கிடங்கில் மேற்பார்வையாளர். தாமதமான பார்சல்கள் சுவரிலிருக்கும் திரையில் சிவப்பாக மின்னிக்கொண்டே இருக்கும். சாப்பாடு நின்றபடிதான். வீட்டுக்கு வந்த பிறகும் காது கிடங்கில்தான் இருக்கும்.

அன்று சாயங்காலமே விறுவிறுவென்று மாடி ஏறினாள். ஓரகத்தி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக உதறி, சுருக்கம் நீவி, நிதானமாக. அதைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

"என் பொண்ணுக்குப் பல் விழுந்திருக்கு. ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"அவளே சொல்றேன்னு சொன்னா அக்கா. நான் முந்திக்க வேணாமேன்னு..."

"நல்லவ மாதிரி பேசாத. உனக்கென்ன, நேரம் கொட்டிக் கிடக்கு!"

ஓரகத்தியின் முகம் சுருங்கியது. "எனக்கு மட்டும் சும்மா கிடைச்சுதா அக்கா? அந்த வேலை வேணாம்னு சொன்னதுக்கு உங்க கொழுந்தனார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசல. நீங்களும்தான் சிரிச்சீங்க."

இறங்கி வந்துவிட்டாள். ஆனால் மனசு இறங்கவில்லை. ஓரகத்தியை ஜெயித்தே தீருவது என்று சனிக்கிழமை லீவு போட்டாள். பூங்கா, துணிக்கடை, சினிமா. நாலு மணிக்குள் எல்லாம் முடித்தாக வேண்டும்.

பூங்கா வாசலிலேயே திட்டம் கவிழ்ந்தது. பெயிண்டர் ஒருவர் கம்பி வேலிக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார். மகள் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"வாடி, நேரமாகுது." கையைப் பிடித்து இழுத்தாள்.

"சித்தியா இருந்தா பாக்க விடுவாங்க."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பையிலிருந்த போன் வேறு அடித்தது, கிடங்கிலிருந்துதான். ஒரு கணம் அதையே பார்த்தாள். பிறகு ஒலியை அணைத்தாள். ஞானம் ஒன்றும் பிறந்துவிடவில்லை. அந்தச் சித்தி உட்கார்ந்தால் நானும் உட்காருவேன் என்ற வீம்புதான். நடைபாதை ஓரக்கல்லில் துப்பட்டாவை விரித்துப்போட்டு உட்கார்ந்தாள்.

முதல் பத்து நிமிஷம் முள்மேல் இருப்பது போலிருந்தது. கை தானாகப் பையை நோக்கிப் போனது. பிறகு பெயிண்டர், ஈரப் பச்சையில் ஒட்டிய தூரிகை மயிர் ஒன்றை நகத்தால் அலுங்காமல் எடுப்பதைப் பார்த்தாள். ஒழுகி வந்த ஒரு சொட்டை அவர் வழியிலேயே பிடித்துத் தடவிவிட்டார். "அடுத்த கம்பிம்மா!" என்று மகள் கத்தினாள். அதற்கடுத்த கம்பிக்கு இவளும் சேர்ந்து கத்தினாள். பெயிண்டர் திரும்பி, "மேடம், நீங்க ரெண்டு பேரும் இப்படிப் பாத்தா எனக்குக் கை நடுங்குது," என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்துச் சிரித்து அம்மா மடியிலேயே சாய்ந்துகொண்டாள். சினிமா அதோடு போயிற்று.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. மேலேயிருந்து மகளின் குரல் கேட்டால் இன்றும் சுருக்கென்று குத்தத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு இவளும் படியேறுகிறாள். "என்னை விட்டுட்டு என்னடி பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டு, அவர்கள் நடுவில் இடம்பிடித்து உட்கார்ந்துவிடுகிறாள்.