தயாபுரத்தின் வரலாறு, ஒரு பக்கத்தில்

மாவடிக்குளத்தின் கரையில் நீலக்கரை ரிசார்ட் வந்து மூன்று வருடம் ஆகிறது. மலையைப் பார்த்தபடி இருபது குடில்கள், நடுவில் பெரிய சாப்பாட்டுக் கூடம். அங்கிருந்து வரும் கழிவுநீர்க் குழாய் மடைக்குப் பக்கத்தில் குளத்துக்குள் விழுகிறது. அந்த இடத்தில் தண்ணீர் எண்ணெய்ப் படலம் கட்டிக் கிடக்கும். மேலே நுரையும் ஊறிப்போன பிரியாணிச் சோறும் மிதக்கும். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஊர் வரும் முன்பே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

அப்படியிருந்தும், ரிசார்ட் மேலாளர் மகாராஜன் வீடு தேடி வந்து, "ஊர் வரலாற்ற நீங்கதான் எழுதித் தரணும் ஐயா. கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு ஹால்ல மாட்டப் போறோம்" என்று கேட்டபோது, கிருபைராஜின் மனம் குளிர்ந்துதான் போயிற்று. அவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், தயாபுரம் சபையின் செயலாளர். பழைய பதிவேடுகள் அவர் பொறுப்பில் இருந்தன.

நாலு பக்கம் எழுதினார். பாளையங்கோட்டை மிஷனிலிருந்து பத்துக் குடும்பங்கள் வந்து இந்தக் கரையில் குடியேறியது. எதிரே மேலக்கரையில் பாய் நெய்யும் முஸ்லிம்கள் இருந்தது. பிறகு காலரா வந்த வருடம். பதினோரு நாளில் தயாபுரத்தில் நாற்பத்தொரு பேர் செத்தார்கள். மிஞ்சியவர்களில் பாதிப் பேர் ஓடிப்போனார்கள், மீதிப் பேர் படுத்துக் கிடந்தார்கள். தூக்க ஆள் இல்லை. மேலக்கரை ஜமாத்தார் தங்கள் பள்ளிவாசலின் சந்தூக்கை, பிரேதம் சுமக்கும் அந்தப் பெட்டியை, எடுத்துவந்து நாற்பத்தொரு பேரையும் சுமந்து குளத்தின் வடகரையில் அடக்கம் செய்தார்கள். இன்றுவரை வருடத்துக்கு ஒருமுறை அவர்கள்தான் வந்து அந்த இடத்து முள்ளை வெட்டுகிறார்கள்.

மகாராஜன் வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சாப்பிடுத இடத்துல காலராவும் பொணமும் எதுக்கு ஐயா? குடும்பத்தோட வாறாங்க. ஒரு பக்கம் போதும். சந்தோஷமா எழுதுங்க."

வீடு தேடி வந்தவர் மனம் நோகக்கூடாது என்று கிருபைராஜ் அந்த வரிகளைத் தன் கையாலேயே அடித்தார். வயலும் கொக்கும் கோயில் மணியும் மிஞ்சின. வடகரை வெறும் புல்வெளியாயிற்று. அடியில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஒங்க பேரு பெருசாத்தான் இருக்கு. செத்தவங்களத்தான் காணல" என்றாள் மனைவி சாரம்மாள். அன்று அவருக்குக் கோபம் வந்தது.

பத்து மாதம் கழித்துத் தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. கார் நிறுத்த வடகரையைக் குத்தகைக்குத் தரும்படி ரிசார்ட் கேட்டிருந்தது. பதிவில் அது தரிசுப் புறம்போக்கு. மேலக்கரையில் பாய் நெய்யும் தாஜ் முகம்மது மட்டும் ஆட்சேபணை மனு கொடுத்திருந்தார்.

விசாரணையில் மகாராஜன் கண்ணாடிச் சட்டத்தையே தூக்கிவந்து தாசில்தார் மேசைமேல் வைத்தார். "சபைச் செயலாளரே எழுதினது மேடம். இதுல எங்கன கல்லறை இருக்கு? பாய் வேணும்னே கெளப்பி விடுதாரு."

கிருபைராஜுக்கு மடை ஓரத்து நாற்றம் தன் சட்டையிலிருந்தே வருவதுபோல இருந்தது. தாஜ் முகம்மது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நாற்காலி போதாமல் அவர் நிற்பதைக் கண்டு, பெஞ்சில் ஒதுங்கி இடம் விட்டார். கிருபைராஜால் அதில் உட்கார முடியவில்லை.

"ஆண்டவரே" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு முன்னே போனார். "இது நான் எழுதினதுதான் அம்மா. ஆனா பொய். அங்கன எங்க ஆளுக நாப்பத்தொரு பேரு கெடக்காங்க. சபைப் பதிவேட்டுல பேரோட இருக்கு. இவரு கேட்டாருன்னு இதுலருந்து நான்தான் அடிச்சேன்."

"எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா? நீங்க எழுதினது பொய்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும்."

"தெரியட்டும்."

போட்டார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, நிலத்தை அளக்கும்வரை அங்கே எந்த வேலையும் கூடாது என்று தாசில்தார் உத்தரவு எழுதினார். மகாராஜன் சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகம் பார்க்காமல் வெளியேறினார்.

திரும்பும் பஸ்ஸில் கிருபைராஜும் தாஜ் முகம்மதுவும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். ஆழ்வார்குறிச்சி விலக்கு தாண்டியதும் கிருபைராஜ்தான் தொடங்கினார்.

"பாய், ஒம்ம மொகத்துல முழிக்க எனக்கு வெக்கமா இருக்குவே."

"ஒமக்கு மட்டுமா?" என்றார் தாஜ் முகம்மது. "அவன் இருபது ரூமுக்கும் பாய் நெய்து குடுத்தது யாரு? நான்தான். கொழாய் குளத்துல விழுததப் பாத்துக்கிட்டே குடுத்தேன். சும்மா வாரும்."

இறங்கி நேரே வடகரைக்குப் போனார்கள். ஜேசிபி ஏற்கெனவே ஒரு மூலையைக் கீறியிருந்தது. மண்ணில் பாதி புதைந்த, பெயர் பொறிக்காத கல்லறைக் கற்களுக்கு நடுவே பீர் பாட்டில்களும், குழந்தைகளுக்குக் கட்டி அவிழ்த்துப் போட்டு ஊதிப்போன டயப்பர்களும் கிடந்தன. ஈ மொய்த்தது. கிருபைராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, ஒரு டயப்பரைக் கையாலேயே எடுத்தார்.

"ஏய், கையால தொடாதயும்வே!" என்று கத்தினார் தாஜ் முகம்மது. வேலியிலிருந்து ஒரு கம்பை முறித்துக் கொடுத்தார். பிறகு சாக்கு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து, வாயை விரித்துப் பிடித்தபடி, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.