உள்ளங்கையில் இரண்டு சுற்று

இரண்டு பட்டங்களும் வானத்தில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கடலில் விழுந்தபோது, பயிற்சியாளனுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். பயம் பிறகுதான் வந்தது. அவனுக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், கல்யாணம் உட்பட.

தொண்டை கிழியக் கத்தியிருந்தான். காலில் பலகை, இடுப்பில் பட்டை, பட்டையிலிருந்து நான்கு நூல்கள், நூல்களின் மறுமுனையில் ஓர் அறையை மூடும் அளவுக்குப் பெரிய பட்டம் என்று இரண்டு பேர் அருகருகே சறுக்கும்போது, காற்று வரும் பக்கம் இருப்பவன் பட்டத்தை உயர்த்த வேண்டும், மற்றவன் தாழ்த்த வேண்டும். சிக்காமல் இருக்க இவ்வளவுதான் வழி. தாழ்த்த வேண்டிய மைத்துனன் தலையை நன்றாக ஆட்டிவிட்டு உயர்த்தினான்.

மைத்துனன் சலூன்காரன். சொந்தக் கடை திறந்து ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. ஒரே நாற்காலி, ஒரே ஆள். பயிற்சியாளனின் தலையில் மிச்சம் இருக்கும் முடியை வெட்ட, 'தேடுகிற கூலி' என்று தனியாகக் கேட்பான். கடை விடுமுறை நாளில் கடலுக்குக் கூட்டிப் போங்கள் என்று நச்சரித்தவனும் அவன்தான். கிளம்பும்போது பயிற்சியாளனின் மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "எந்தம்பிய முழுசா கூட்டிட்டு வாங்க. அவனும் உங்கள மாதிரிதான், சொன்னா காதுல ஏறாது."

இப்போது அவன் ஒரு கல்லெறி தூரத்தில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மிதந்தான். இருவருடைய நூல்களும் முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாகி, தண்ணீரில் பாதி முங்கிக் கிடந்த பட்டங்களை நோக்கி ஓடின.

"மாப்ள, ஒண்ணும் இல்ல. இடுப்புல செவப்புப் பிடி இருக்குல்ல, அதத் தள்ளு. உன் பட்டம் செத்துரும். அப்புறம் நான் தள்றேன். நூலத் தொடாத."

"இருங்க மாமா. நானே பிரிச்சிடறேன்."

"தொடாதடா."

"நீங்க செய்வீங்கல்ல, அதே மாதிரிதான்."

வலது உள்ளங்கையில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தான். என்ன லாவகம். கரையில், பட்டம் மணலில் செத்துக் கிடக்கும்போது, நூலை அப்படித்தான் கையில் சுற்றி மடமடவென்று சேர்ப்பான் பயிற்சியாளன். வேலை சீக்கிரம் முடியும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். நூலைக் கையில் சுற்றாதே என்று கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டவனும் அவன்தான். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் சுற்றுவான். காலையில் பாடம் நடத்தியபோது மைத்துனன் கொட்டாவி விட்டான். சுற்றியதை மட்டும் கண் கொட்டாமல் பார்த்தான். இத்தனை வருடத்தில் வாய்த்த ஒரே நல்ல மாணவன்.

காற்று ஒரு தள்ளு தள்ளியது. பட்டங்களில் ஒன்று தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது. மைத்துனனின் கை விறைத்து நீண்டது, அந்தக் கைக்குப் பின்னால் ஆளும் போனான். கத்தவில்லை. "மாமா" என்றான், கடையில் வாடிக்கையாளரைக் கூப்பிடும் குரலில்.

"செவப்பத் தள்ளட்டுமா?"

"தள்ளாத. இப்பத் தள்ளாத."

இப்போது தள்ளினால் இடுப்பு தாங்கும் இழுப்பெல்லாம் கைக்குப் போய்விடும். தான் தள்ளினாலும் அதே கதிதான். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த ஒரே வைத்தியம் இங்கே விஷம். பயிற்சியாளன் நீந்தினான். பட்டம் அவனையும் சேர்த்தே இழுத்தது. அதுவே புண்ணியம், அவனை மைத்துனன் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது.

இடுப்புப் பட்டையிலிருந்து கொக்கிக் கத்தியை உருவினான். கைக்கு மேலே நூலைப் பிடித்து அறுக்க வேண்டும். பிடிக்கிற தன் கையும் முறுக்குக்குள் போகக் கூடாது. முதல் நூல் துப்பாக்கி மாதிரி வெடித்துப் போனது. இரண்டாவது அவன் காதைக் கீறிக்கொண்டு போனது. மூன்றாவதை அறுக்கும்போது மைத்துனனின் முகத்தைப் பார்க்காமல் இருக்க, தன் பட்டத்தின் நிறத்தைப் பார்த்தான். ஆரஞ்சு. அசிங்கமான ஆரஞ்சு.

கை தளர்ந்து தண்ணீரில் விழுந்தது. மைத்துனனின் சிவப்பைத் தள்ளினான், தன்னுடையதையும் தள்ளினான், பட்டத்தை ஆளோடு பிணைத்திருக்கும் பாதுகாப்புக் கயிறுகளையும் கழற்றிவிட்டான். பட்டங்கள் இரண்டும் கட்டிக்கொண்டபடியே உருண்டு போயின.

திடீரென்று அமைதி. கரை தூரத்தில் இருந்தது. அங்கே யாரோ கையசைத்தார்கள், விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா."

"சரி."

"வலிக்கவே இல்ல."

"நல்லது" என்றான் பயிற்சியாளன். அது நல்லதில்லை என்று அவனுக்குத் தெரியும். சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றப் போனான்.

"கொஞ்சம் இருங்க." மைத்துனன் கையைத் தண்ணீருக்குள் தன் முகத்துக்கு நேர் கீழே கொண்டுவந்தான். நூல் புதைந்த இடத்தில் வெளுத்த கோடு, அதிலிருந்து புகை மாதிரி சிவப்பு கலைந்து போய்க்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் பிடிப்பவன் கையை வைப்பதுபோல் வைத்தான். கட்டைவிரல் அசைந்தது. மோதிர விரல் அதை நோக்கி மெல்ல வந்தது, விலகியது, மறுபடி வந்தது. அலையும் அதே வேகத்தில் வந்து போய்க்கொண்டிருந்தது.

"அசையுதுல்ல மாமா?"

பயிற்சியாளன் அலை நிற்கட்டும் என்று காத்திருந்தான்.