இளகிய பித்தளை

ஓவன் கதவை ஜொலீன் திறந்ததும் சுட்ட உலோகத்தின் நெடி முகத்தில் அடித்தது. உருளைக்கிழங்குத் தட்டோடு இரண்டடி பின்வாங்கினாள்.

"அத்தை, உள்ளே ஏதோ இருக்கு."

ரக்னா கறுப்பு உடுப்பின் கழுத்துப் பொத்தானைப் போட்டபடியே அடுப்படிக்கு வந்தாள். பதினொரு மணிக்கு அவள் தம்பி ஆர்விட்டின் அடக்கம். குனிந்து பார்த்தாள். சிவந்து கனலும் கம்பிக்கு நேர் கீழே, தகரத் தட்டில் வரிசையாகக் காலித் தோட்டாக்கள். பொன் நிறத்தில் இருந்திருக்க வேண்டியவை கத்தரிப்பூ நிறத்தில் கறுத்துக் கிடந்தன.

"எவ்வளவு சூடு வச்சே?"

"மேல்சூடு, முழுசா. உருளைக்கிழங்கு மேலே முறுகட்டும்னு. கால் மணி நேரம் இருக்கும். திறந்து பாக்காமலே போட்டுட்டேன். ஓவன்ல யாராவது தோட்டா வைப்பாங்களா?"

"இந்த வீட்டுல வைப்போம்."

நாற்பது வருடமாக வைத்தார்கள். அமெரிக்காவில், மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை, மறுபடி மருந்து நிரப்ப, ஆர்விட்டிடம்தான் கொண்டுவருவார்கள். எலுமிச்சை உப்பும் சோப்பும் இரும்பு ஊசிகளும் போட்டு உருட்டிக் கழுவி, துண்டில் புரட்டி, ஓவனின் ஆகக் குறைந்த சூட்டில் உலர்த்துவான். கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டி செருகியிருக்கும். உலர்ந்துவிட்டதா என்று சொல்வது ரக்னாவின் வேலை. ஒவ்வொன்றின் வாயையும் கீழுதட்டில் ஒற்றிப் பார்ப்பாள். சில்லென்று பட்டால் உள்ளே ஈரம். மறுபடி தட்டுக்கே போகும். ஈரத்தின் மேல் வெடிமருந்து போட்டால் மான் எதிரே நிற்கும்போது துப்பாக்கி வாய் திறக்காது. ஆர்விட் டோலிஃப்சன் வீட்டுத் தோட்டா பொய்த்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் இந்தத் தட்டை உள்ளே வைத்துவிட்டுத்தான் ஆர்விட் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தான். நிமிரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது ரக்னா ஓவனை அணைத்தாள். தட்டை எடுக்க மறந்தாள். நான்கு நாளும் மறந்தே போனாள்.

"யாரோடது அத்தை?"

"வெண்டலோடது. அவன் அப்பா துப்பாக்கிக்கு உள்ளது. இந்த அளவு இப்ப எந்த ஆலையிலயும் செய்யறதில்லை. முப்பத்தெட்டுதான் மிச்சம்."

எல்க் மான் வேட்டை தொடங்க எட்டு நாள்தான் இருந்தது.

ஜொலீன் கரித்துணியால் ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். "திரும்ப எலுமிச்சை உப்புல போட்டா பளபளன்னு வந்துடும். வெண்டலுக்குத் தெரியவா போகுது?"

"அவன் முகத்துக்குத் தெரியும். அடிப்பித்தளை இளகிட்டா வெடிக்கிறப்ப தாங்காது. நெருப்பு பின்னால திரும்பி கண்ணுக்கு வரும்."

"சரி, நாளைக்குச் சொல்லுங்க. சித்தப்பாவைப் பத்தி நாலு பேர் நல்லதா பேசுற நாள் இது."

"அதனாலதான் இன்னைக்கே சொல்லணும்," என்றாள் ரக்னா.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காப்பி மேசையைச் சுற்றி ஆறேழு ஆண்கள். "நாப்பது வருஷம். ஒண்ணு தப்பினது கிடையாது," என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் தலையாட்டினார்கள். ரக்னா அவர்கள் நடுவே போய் நின்றாள். வெண்டலைத் தனியே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

"வெண்டல், உன் தோட்டா முப்பத்தெட்டும் போச்சு. ஆர்விட் கெடுக்கலை. ஓவன்ல இருந்ததை எடுக்க மறந்தவ நான். முழுச் சூட்டுல இளகிடுச்சு. தேய்ச்சுப் பளபளப்பாக்கித் தரலாம். தரமாட்டேன். நசுக்கிப் போடப்போறேன்."

ஜொலீனின் பெயரை அவள் எடுக்கவில்லை. காப்பிக் கேத்தலோடு நின்ற ஜொலீன் தரையைப் பார்த்தாள்.

"மொத்தமுமா?" என்றார் வெண்டல்.

"மொத்தமும்."

ஒரு மீசைக்காரர் தொண்டையைச் செருமினார். "நம்ம வீட்டு ஓவன்ல எல்லாம் மான்தான் வேகும்." யாரும் சிரிக்கவில்லை, அவரும் காப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வெண்டல் கோப்பையைக் கீழே வைத்தார். எழுபது வயதுக்காரர். பேசுவதற்குமுன் தாடையை அசைத்துக்கொள்ளும் பழக்கம்.

"அது அம்பதா இருந்தது, அக்கா. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி உங்க தம்பி எங்க வாசல்ல வந்து நின்னு, பன்னெண்டை நசுக்கிட்டேன்டா, உள்ளே விரிசல்னான். தீவனக் கடையில நாலு பேர் முன்னாடி அவனைப் பேசாத பேச்சு பேசினேன். கண்ணு மங்கிப்போச்சு கிழவனுக்குன்னேன். நசுங்கினதை எல்லாம் ஒரு டப்பாவுல போட்டுக் குடுத்திருந்தான். வீட்டுக்குப் போய் கோபத்துல ஒண்ணை ரம்பத்தால அறுத்துப் பாத்தேன்."

"இருந்ததா?"

"இருந்தது. முடி மாதிரி, சுத்திலும்." வெண்டல் இடது கண்ணை மூடி, வலது கண்ணால் அவளைப் பார்த்தார். "அதுக்கப்புறம் துப்பாக்கியில கண்ணை வைக்கிற ஒவ்வொரு தடவையும் அவனை நினைச்சுக்குவேன். அவன்கிட்ட சொன்னதில்லை. சொல்லலாம் சொல்லலாம்னு ஒம்பது வருஷம் ஓடிப்போச்சு."

"அவனுக்குத் தெரியும்," என்றாள் ரக்னா.

"எப்படித் தெரியும்?"

"அடுத்த வருஷமும் அவன்கிட்டயே கொண்டு வந்தியே."

வெண்டல் படியேறி வெளியே போனார். போய்விட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னத் துணிமூட்டை இருந்தது. உள்ளே கரி படிந்த காலித் தோட்டாக்கள்.

"இது புதுத் துப்பாக்கிக்கு. கடையில கிடைக்கிற ரகம்தான். போன வாரமே ஆர்விட்கிட்ட குடுக்கணும்னு வண்டியில கிடக்கு. மருந்து நானே போட்டுக்குவேன். கழுவிக் காய வைக்கிறது உங்க வீட்டுலதான்."

"இப்பத்தானே முப்பத்தெட்டைக் கெடுத்தேன்."

"தெரியும். சொன்னீங்களே."

ரக்னா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள். அடக்கத்தில் கொடுத்த பாட்டுத்தாளை ஓரமாக ஒதுக்கி மூட்டைக்கு இடம் செய்தாள். பை மூடவில்லை. அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு, விடைபெற வந்தவர்களுக்குக் கைகொடுக்க வாசலுக்குப் போனாள்.

ஒவ்வொருவர் கையைப் பற்றிக் குலுக்கும்போதும் பையில் பித்தளை மெல்லக் கிணுங்கியது. வார் தோளில் அழுந்தி உடுப்பை ஒரு பக்கமாக இழுத்தது.

ஜொலீன் பக்கத்தில் வந்தாள். "பையைக் குடுங்க அத்தை, நான் வச்சுக்கறேன்."

"கனமில்லை," என்று நிமிர்ந்து நின்று, ரக்னா அடுத்தவருக்குக் கையை நீட்டினாள்.